மூன்றாம் மாடி, நூறு சதவீதம்

பேனாவை மூடு தம்பி. மூடு என்கிறேன்.

முனையில் இருக்கிற பெட்டிக்கடையில் விசாரித்துவிட்டுத்தானே வருகிறாய்? என்ன சொன்னான்? “அந்தப் பொண்ணா, பொய்க்கணக்கு எழுதுச்சுன்னு தொரத்திவிட்டாங்களே, அதுவா?” என்றானா? தெரியும். கேட்கிற எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறான். எழுதிக்கொண்டாயா? இல்லையா? நல்லது. உட்கார்.

புனேயில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுக்கப்போகிறது. அதற்கு முன்னால் வீட்டைப் பார்த்து, ஆளை விசாரித்து, தாளை நிரப்பி அனுப்பவேண்டும். அதுதான் உன் வேலை. புரிகிறது. நீ எழுதுகிறதில் அவள் பிழைப்பு இருக்கிறது. அதனால் கேட்டுவிட்டு எழுது. நான் நிறையப் பேசுகிற ஆள் இல்லை. சீக்கிரம் முடித்துவிடுவேன்.

என் பெயர் பிச்சாண்டி. சென்ட்ரிங் ஃபோர்மேன். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் அடியில் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து நிறுத்துவோமே, அந்த வேலை. ஒரே கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம், ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. மணிமொழி என் மகள். ஒரே மகள்.

பாலிடெக்னிக்கில் சிவில் முடித்தாள். கம்பெனியில் அப்போதுதான் புதிதாக ஒரு திட்டம் போட்டார்கள். மாநிலம் முழுக்கப் பரீட்சை வைத்து எட்டே பேரை எடுத்தார்கள். அதில் இவள் ஒருத்தி. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஹையர் அப்ரன்டிஸ். அப்ரன்டிஸ் என்றால் எனக்குத் தெரிந்தது, லேத் பட்டறையில் எண்ணெய்த் துணியோடு நிற்கிறவன். “அதென்னம்மா ஹையரு?” என்று கேட்டேன். “திட்டு வாங்குறது கொஞ்சம் பெரிய ஆளுங்ககிட்டப்பா” என்றாள்.

இரண்டு வருஷம். ஐந்து நாள் சைட், சனிக்கிழமை வகுப்பு. முழுசாக முடித்தால் பட்டமும் உண்டு, நிரந்தர வேலையும் உண்டு. நடுவில் போனால் ஒன்றுமே இல்லை. இருபத்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போனாலும் ஒன்றுமே இல்லை. இதைக் கவனித்துக்கொள்.

முதல் வருஷம் கோயம்புத்தூரில் போட்டார்கள். நன்றாகத்தான் இருந்தாள். ஹாஸ்டல் சாப்பாடுகூடப் பிடித்துப்போயிற்று என்றாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. என் சைட் ஓரகடம் பக்கம், தொழிற்சாலைப் பெண்களுக்கு ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்தோம். அங்கே ப்ராஜெக்ட் மேனேஜர் கிருபாகரன் சார். அவரிடம் போய் நின்றேன். “ஒரே பொண்ணு சார், பக்கத்துல இருக்கட்டும்.” அவர் தலைமை ஆபீசுக்கு ஒரு போன் போட்டார். முடிந்தது.

அவள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்: “சைட்ல நான் உன் பொண்ணு இல்ல. நீ ஃபோர்மேன், நான் அப்ரன்டிஸ். ‘நீங்க’ன்னுதான் கூப்பிடுவேன். அப்பான்னு வராது. சரியா?”

சரி என்றேன். பத்து மணி டீக்குள் சைட் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. முனிரத்தினத்திடம் மட்டும்தான் சொன்னேன்.

முனிரத்தினம் கம்பி கட்டுகிற ஃபோர்மேன். அவன் வாய் சும்மா இருக்காது.

அவள் வேலை என்ன என்று கேட்கிறாயா? நானும் கேட்டேன். “எந்த வேலை முடிஞ்சா எந்த வேலை தொடங்கும், எது நின்னா எதெல்லாம் நிக்கும்னு பாக்கறது” என்றாள். “அதை நாங்க பாத்துக்க மாட்டோமா?” என்றேன். “நீ உன் வேலையைப் பாப்பே. முனிரத்தினம் அண்ணன் அவர் வேலையைப் பாப்பாரு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதை யாருப்பா பாக்கறது?” அன்றைக்கு லீவு. வீட்டில் பேசினோம். அதனால் அப்பா.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு கன்டெய்னர் ஆபீசில் மீட்டிங். ஒவ்வொரு ஃபோர்மேனும் தன் வேலை எவ்வளவு முடிந்தது என்று சதவீதம் சொல்லவேண்டும். நாங்கள் எல்லோரும் தொண்ணூறு என்போம். எட்டு நாள் வேலை என்று வை. ஆறாம் நாள் கேட்டாலும் தொண்ணூறு. எட்டாம் நாள் கேட்டாலும் தொண்ணூறு. பன்னிரண்டாம் நாளும் தொண்ணூறுதான். பொய் என்று சொல்லாதே. அது ஒரு மரியாதை. பெரியவர் கேட்கிறார், ஐம்பது என்று மூஞ்சியில் அடித்தாற்போலச் சொல்ல முடியுமா?

இவள் வந்த மூன்றாம் வாரம் எழுந்து நின்றாள். “அண்ணே, இனிமே எங்கிட்ட சதவீதம் வேணாம். எத்தனை ஷீட் அடிச்சிருக்கு, எத்தனை முட்டு நின்னிருக்கு, எத்தனை கம்பி கட்டியிருக்கு, அதைச் சொல்லுங்க. சதவீதம் நான் போட்டுக்கறேன்.”

முனிரத்தினம் என்னைப் பார்த்து, “பிச்சாண்டி, எண்ணிப் பாத்துத்தான் சோறு போடுவாளா உன் பொண்ணு?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு மாடி ஏறிப்போய் எண்ணினாள். இறங்கி வந்து, “அண்ணே, நீங்க சொன்னதுல பதினேழு கம்பியைக் காணோமே” என்றாள். “காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும் தாயி” என்றான். “அப்ப காக்காகிட்டச் சொல்லி நாளைக்குள்ள கட்டவெச்சிடுங்க.”

அதிலிருந்து அவன் இவளிடம் வாய் கொடுக்கமாட்டான். ஆனால் அவள் எழுதிய தேதியை நம்பி ஆள் வரச் சொல்வான். இருபது வருஷத்தில் எந்த இன்ஜினீயர் தேதியையும் அவன் நம்பியதில்லை.

எதையும் கண்ணால் பார்க்காமல் எழுதமாட்டாள். கைப்பிடி இல்லாத படி. மூன்றாம் மாடிக்கு நாற்பத்திரண்டு. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஏறுவாள். என் வேலையை மட்டும் இரண்டு தடவை போய்ப் பார்ப்பாள். “ஏன், எம்மேல நம்பிக்கை இல்லையா?” என்று ஒருநாள் கேட்டேன். “மத்தவங்க ஒரு பேச்சுப் பேசக் கூடாதில்ல, ஃபோர்மேன்” என்றாள்.

இருபதாவது மாதம் அவளுக்கென்று தனியாக ஒரு வேலை கொடுத்தார்கள். பி ப்ளாக், மூன்றாம் மாடித் தளம். ஆள் கணக்கு, சாமான் கணக்கு, தேதி, எல்லாம் அவள் போடவேண்டும். யாரும் தலையிடக் கூடாது. அது சொன்ன தேதியில் முடிந்தால்தான் கடைசிப் பரீட்சைக்கு உட்கார முடியும். அவள் வகுப்பு இல்லாத ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கான்கிரீட் என்று போட்டாள். முதல்நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் கான்கிரீட் கலந்து அனுப்புகிற ப்ளான்ட்டுக்கு உறுதி சொல்லவேண்டும். அதற்கு முன்னால் அவளும் ஃபோர்மேனும் மேலே ஏறிப் பார்த்து ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். பார்க்காமல் போடக்கூடாது. அதுதான் சட்டம்.

அவள் கணக்கில் என் ஆட்கள் பதினாறு பேர். புதன்கிழமை ஒன்பது பேர் இங்கே, நம் செங்கத்துக்கு, ஒரு காதுகுத்துக்குப் போனார்கள். எல்லாம் ஒரே வகையறா. வெள்ளி மத்தியானம் வந்துவிடுகிறோம் என்றார்கள். அனுப்பினேன். அனுப்பாமல் இருக்க முடியுமா?

அவளிடம் சொன்னேனா என்கிறாயா? எதற்குச் சொல்ல? சொன்னால் தேதியைத் தள்ளிப் போடுவாள். அவள் போட்ட முதல் தேதி தம்பி. என்னால் தள்ளிப் போகலாமா?

வெள்ளிக்கிழமை வந்தது. ஆட்கள் வரவில்லை. நாலரை மணி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பக்கத்தில் முப்பத்தெட்டு முட்டு பாக்கி. விடிகாலையில் வந்துவிடுவார்கள், இரண்டு மணி நேர வேலை. கீழே வந்து கேட்டாள். நான் தொண்ணூறு என்றுதான் சொன்னேன். அவள் நூறு என்று போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு ஒன்பது லாரி வாசலில் வரிசையாக நிற்கிறது. டிரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே பம்ப்பு குழாய் ஏற்றிவிட்டார்கள். என் ஆட்கள் வந்த வேன் வழியில் நின்றுபோயிற்று. முட்டு இல்லாத இடத்தில் கான்கிரீட் விழுந்தால் என்ன ஆகும் தெரியுமா? தளத்தோடு மேலே நிற்கிற பன்னிரண்டு பேரும் கீழே. நான்தான் ஓடிப்போய்ப் பம்ப்பை நிறுத்தினேன். இதையும் எழுதிக்கொள். நிறுத்தினது நான்.

கலந்த கான்கிரீட் காத்திருக்காது. பத்து மணிக்கு டிரம்மைத் தொட்டால் சுட்டது. கிருபாகரன் சார் வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், “பின்னாடி கொட்டுங்க” என்றார். ஒன்பது லாரியும் பின்பக்கப் பள்ளத்தில் கொட்டின. அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு லாரி நம்பரையும் நேரத்தையும் எழுதினாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

பதினொரு மணிக்குக் கன்டெய்னருக்குள் கூப்பிட்டார். நான், முனிரத்தினம், அவள்.

“மூணாம் மாடி சென்ட்ரிங் நூறுன்னு போட்டிருக்கே. கையெழுத்தும் இருக்கு. மேல ஏறிப் பாத்தியாம்மா?”

“இல்ல சார்.”

“பிச்சாண்டி, நீ என்ன சொன்னே?”

“தொண்ணூறுன்னுதான் சார் சொன்னேன்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. கம்பி எண்ணும்போது பார்ப்பாளே, அதுமாதிரி பார்த்தாள். ஒவ்வொன்றாக.

“அப்ப நூறுன்னு யாரு சொன்னது?” என்றார் சார்.

“யாரும் சொல்லல சார். பாக்காம போட்டுட்டேன். தப்பு என்னுது.”

என்ன, அப்படிப் பார்க்கிறாய்? தண்ணீர் வேண்டுமா?

சரி. நூறு என்றுதான் சொன்னேன்.

நாலரை மணிக்கு வந்தாள். கையில் அந்தத் தாள். “ஃபோர்மேன், மேல போலாமா?” என்றாள். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். மூஞ்சி வெளுத்துக் கிடந்தது. “ஏற வேணாம். முடிஞ்சுது. நூறு போட்டுக்கோ” என்றேன். முதல் படியில் கால் வைத்தவள் நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை.

“இது ஃபோர்மேன் சொல்றதா, அப்பா சொல்றதா?” என்று கேட்டாள்.

சைட்டில் அந்த வார்த்தை அவள் வாயில் வந்தது அன்று ஒருநாள்தான். எனக்கு அது இனித்தது தம்பி. எட்டு மாதமாக அங்கே கேட்காத வார்த்தை.

“அப்பா சொல்றேன்” என்றேன்.

காலை எடுத்துவிட்டாள். படிமேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். அவ்வளவுதான்.

நாற்பத்திரண்டு படிதான். ஏறியிருக்கலாம். காய்ச்சல் என்றால் என்ன, மெல்ல ஏறியிருக்கலாம். அத்தனை பேர் வேலையையும் ஏறிப் பார்த்தவள் அன்றைக்கு மட்டும் ஏன் ஏறாமல் விட்டாள்? அதைத்தான் காசியம்மாளிடமும் கேட்டேன். காசியம்மாள் என் பெண்டாட்டி. அவள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மீட்டிங்கில் ஏன் மாற்றிச் சொன்னேன்? கேளு, கேட்கவேண்டியதுதான். யோசித்துத்தான் சொன்னேன். அப்போது எனக்கு ரிட்டயர் ஆக இரண்டு வருஷம். இருபத்தாறு வருஷத்துப் பெயர். அவள் சின்னப் பெண், பழகுகிறவள். பழகுகிறவள் தப்புப் பண்ணினால் மன்னிப்பார்கள், ஃபோர்மேன் பண்ணினால் மன்னிக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

கணக்குத் தலைகீழ். நாலாம் நாள் தலைமை ஆபீசிலிருந்து கடிதம். பார்க்காமல் பதிவு செய்த பயிற்சியாளர் நீக்கப்படுகிறார். இரண்டே வரி. அந்தத் திட்டத்தில் முதல் விதியே அதுதானாம். ஃபோர்மேனைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை.

முனிரத்தினம் டீக்கடையில் வைத்துச் சொன்னான்: “நீ நூறுன்னு சொன்னேன்னு ஒத்துக்கிட்டிருந்தா உனக்கு என்ன ஆயிருக்கும்? ரெண்டு வசவு. நாங்க தெனம் வாங்கறது. சாயங்காலம் மறந்துடுவாங்க. அவளுக்கு இருபது மாசம் போச்சுடா பிச்சாண்டி.” “உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். “நீ தொண்ணூறுன்னு சொன்னா அவ ஏறாம இருப்பாளா?” என்றான்.

ஒன்பதாம் நாள் போனேன். கிருபாகரன் சார் முன்னால் போய் நின்றேன். “சார், நூறுன்னு நான்தான் சொன்னேன். ஏற வேணாம்னு தடுத்ததும் நான்தான்” என்றேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். “தகப்பன் மனசு புரியுது பிச்சாண்டி. பொண்ணுக்காக யாரா இருந்தாலும் இப்படித்தான் சொல்வாங்க. அந்தப் பொண்ணே தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டா. போங்க, வேலையைப் பாருங்க.”

சத்தியம் பண்ணினேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை. என் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை உண்மை வந்தது. அதையும் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அவள் இங்கேதான் உட்கார்ந்து அம்மாவுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “சார்கிட்டச் சொல்லிட்டேம்மா. நான்தான் சொன்னேன்னு சொல்லிட்டேன்” என்றேன்.

நிமிர்ந்தாள். “சரிங்க” என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை. சண்டை போடவில்லை. “சாப்பிடறீங்களா?” என்றாள். சைட்டில் பேசுகிற பேச்சு. நான் வீட்டு நடையில் வேட்டியோடு நிற்கிறேன், அவள் ஃபோர்மேனிடம் பேசுகிறாள்.

இரண்டு நாள் கழித்து ஹைதராபாத் போய்விட்டாள். யாரோ கூடப் படித்தவள் இருந்தாள். ஒரு சைட்டில் ஸ்டோர் பார்க்கிற வேலை. படித்ததற்கு அது வேலையே இல்லை. மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும், காசியம்மாளுக்கு. கோபமெல்லாம் இல்லை தம்பி. என்னிடமும் பேசுவாள். போனவாரம்கூட, “மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?” என்று கேட்டாள். போட்டேன் என்றேன். “அம்மாகிட்டக் குடுங்க” என்றாள். நான் தள்ளி வந்து நின்றேன். காசியம்மாள் போனைக் காதில் வைத்துக்கொண்டே அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினாள்.

நான் போட்டிருந்தேன் தம்பி. நிஜமாகவே போட்டிருந்தேன்.

இவ்வளவுதான். பெட்டிக்கடைக்காரன் சொன்னதை எழுதாதே. அவள் பொய்க்கணக்கு எழுதுகிறவள் இல்லை. என்ன? அதற்கெல்லாம் உன் தாளில் இடம் இல்லையா? விலாசம் மட்டும்தானா? இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

காட்டு பார்க்கலாம். இந்த விலாசத்தை அவளே கொடுத்தாளா? அவள் கையெழுத்தா இது? ஆமாம், அவள் எழுத்துதான். நிரந்தர முகவரி, செங்கம். நிரந்தரம் என்று அவளே எழுதியிருக்கிறாளே.

அந்த வார்த்தை அச்சிலேயே இருக்கிறதா? சரி.

என்ன எழுதுகிறாய்? “பெற்றோருடன் இங்கேயே வசிக்கிறார்” என்றா? யார் சொன்னது? நானா? நான் வாயே திறக்கவில்லையே. “எல்லா வீட்டுலயும் அப்படித்தான் போடுவோம், பொண்ணுக்கு நல்லது” என்கிறாயா?

அடி அதை.

எழுந்திரு. உள்ளே வா. அதோ அந்த அறைதான். கதவைத் திற. நீயே திற. கட்டில்மேல் என்ன இருக்கிறது? நெல் மூட்டை. கொடியில் துணி இருக்கிறதா? இல்லை. நன்றாகப் பார்த்தாயா? இப்போது எழுது. மகள் இங்கே வசிக்கவில்லை. அடுத்தது என்ன, “எப்போது வந்துபோவார்”? பொங்கலுக்கு என்று போடு. இல்லை, இரு. போன பொங்கலுக்கும் வரவில்லை. அதற்கு முந்தினதுக்கும் வரவில்லை. தெரியாது என்று போடு.

கையெழுத்தா? எங்கே? “மேலே உள்ள விவரங்கள் உண்மை என்று உறுதி கூறுகிறேன்.” இதன் கீழேயா?

என்னுடையது வேண்டாம் தம்பி. கோபித்துக்கொள்ளாதே. காசியம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள், வருகிற நேரம்தான். இன்னும் கொஞ்சம் உட்கார். அவள் போடட்டும். அவள் போட்டால் மணிமொழி நம்புவாள்.